அது எந்த வீட்டுப் பல்?



சென்ற மாதம் வந்த தபால்களில் ஒரு நீல நிற இன்லண்டு கடிதம் மட்டும் இன்னும் என் மேசையை விட்டு நகரவில்லை. விருதுநகர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவளுக்கு ஒன்பது வயது. கடைவாயில் ஐந்து பல் சொத்தை, அதில் இரண்டைப் பிடுங்கியாகிவிட்டது. இளையவளுக்கு ஐந்தரை வயது; வாயில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. இரவில் மூத்தவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழும்போதெல்லாம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "பெரியவளுக்கு அப்படியே அவ அம்மா வீட்டுப் பல்லு. சின்னவளுக்கு நம்ம வீட்டுப் பல்லு. பாரு, முத்து மாதிரி."

கடிதத்தின் கடைசி இரண்டு வரிகள் என்னை உட்கார வைத்துவிட்டன. "ஐயா, இது என் ரத்தத்தில் வந்ததுதானா? அப்படியென்றால் நான் செய்ய ஒன்றுமே இல்லையா?"

கண் யார் மாதிரி, மூக்கு யார் மாதிரி என்று பார்க்கும் வழக்கம் நம் வீடுகளில் குழந்தை பிறந்த அன்றே தொடங்கிவிடுகிறது. அதில் அன்பு இருக்கிறது. ஆனால் பல் வலிக்கும், சளிக்கும், கறுப்பு நிறத்துக்கும் கணக்குப் பார்க்கும்போது அந்தக் கணக்கு பெரும்பாலும் வீட்டுக்கு வந்த மருமகள் பேரில்தான் எழுதப்படுகிறது. இந்தச் சகோதரிக்கு "அதெல்லாம் ஒன்றுமில்லை அம்மா" என்று நான்கு ஆறுதல் வரி எழுதிப் போட்டுவிடலாம். அது அவருடைய கேள்விக்குப் பதிலாகாது. அவர் கேட்டிருப்பது ஒரு நல்ல அறிவியல் கேள்வி. அதற்குப் பதில் தேடி முப்பது ஆண்டுக்கும் மேலாக, பல ஊர் ஆய்வகங்களில், ஆயிரக்கணக்கான எலிகளின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கதையை இந்த மாதம் உங்கள் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

என் சிறு வயதில் பல் வலி என்றால் 'பூச்சிப் பல்' என்றுதான் சொல்வார்கள். எங்கள் தெருவில் ஓர் ஆத்தா இருந்தார். கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு, அந்தப் புகையை வாய்க்குள் பிடிக்கச் செய்வார். பூச்சி விழுந்துவிட்டது என்பார். வலி கொஞ்சம் மட்டுப்படும்; நாங்கள் நம்புவோம். பல்லைத் துளைக்கும் புழு என்று ஒன்று கிடையாது என்பது இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனாலும் உயிருள்ள ஏதோ ஒன்று அங்கே குடியிருந்து அரிக்கிறது என்ற அந்த எண்ணத்தில் ஒரு பாதி உண்மை இருந்தது. பெர்லினில் இருந்த டபிள்யூ. டி. மில்லர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1890-ல் எழுதிய நூலில் அந்த உண்மையை விளக்கினார். வாயிலுள்ள கிருமிகள் மாவையும் சர்க்கரையையும் புளிக்க வைத்து அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலைக் கரைக்கிறது. எந்தக் கிருமி என்று அவரால் விரல் நீட்ட முடியவில்லை. ஒரே தெருவில், ஒரே சாப்பாட்டைச் சாப்பிடும் இரண்டு பேரில் ஒருவர் பல் சொத்தையாகி இன்னொருவர் பல் தாங்குவது ஏன் என்ற கேள்வியும் அப்படியே நின்றது.

அதற்கு மனிதர்களைக் கூண்டில் வைத்துப் பார்க்க முடியாது. ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில், விபேஹோல்ம் என்ற மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான விடுதியில், 1940-களின் பிற்பகுதியில் அதையும் செய்து பார்த்தார்கள். அங்கிருந்தவர்களுக்கு வேளைக்கு நடுவே பல்லில் ஒட்டும் டாஃபிகளைக் கொடுத்து எத்தனை பல் சொத்தையாகிறது என்று எண்ணினார்கள். சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவர்களின் பற்கள் அவை. அந்த ஆய்வின் முடிவை உலகம் முழுக்கப் பல் மருத்துவப் பாடமாகப் படிக்கிறார்கள். படிக்கும்போது அந்த மனிதர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

மீதி வேலையைச் செய்தவை எலிகள். எலியின் வாயைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். மொத்தம் 16 பற்கள். முன்னால் உளிபோல நான்கு. இவை சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், கொறிப்பதால் தேய்ந்துகொண்டே இருக்கும். அவற்றின் மஞ்சள் நிறம் அழுக்கு இல்லை. எனாமலில் கலந்திருக்கும் இரும்பின் நிறம். கடைவாயில் ஒவ்வொரு பக்கமும் மேலே மூன்று, கீழே மூன்று. இவைதான் நமக்கு உறவு. வேர்விட்டு நிற்கும், ஒருமுறை முளைத்தால் மறுபடி வளராது, மேற்பரப்பில் ஆழமான குறுகிய பள்ளங்கள் உண்டு. பால் பல், அது விழுந்து இன்னொரு பல் என்பது எலிக்குக் கிடையாது. குட்டி பிறந்து மூன்று வாரத்துக்குள் முதல் இரண்டு கடைவாய்ப் பற்கள் எட்டிப் பார்த்துவிடும். மூன்றாவது ஐந்தாம் வாரத்தில் வரும். நம் வீட்டில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து பார்க்க வேண்டியதை எலியிடம் சில மாதங்களில் பார்த்துவிடலாம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஈஸ்ட் லான்சிங் என்ற ஊர். அங்கேயிருந்த மிச்சிகன் ஸ்டேட் கல்லூரியில் வேதியியலாளர் ஹாப்பர்ட்டும் அவருடைய குழுவினரும் 1930-களின் தொடக்கத்தில் ஒன்றைக் கவனித்தார்கள். எல்லாச் சத்தும் நிறைந்த தீனியைத் தின்ற எலிகளுக்கும் சொத்தை வருகிறது. சத்துக் குறைவால்தான் பல் கெடுகிறது என்று பலர் நம்பிய காலம் அது. ஹாப்பர்ட் குழு கண்ட காரணம் வேறு. தீனியில் இருந்த தானியம் கரகரப்பாக உடைத்ததாக இருந்தால் சொத்தை வந்தது. அதே தானியத்தை நைஸாக அரைத்து மாவாகக் கொடுத்தால் சொத்தை மிகவும் குறைந்தது. ரவையும் குறுணையும் அந்தக் குறுகிய பள்ளத்தில் போய் அடைத்துக்கொள்கின்றன. மெல்ல மெல்ல இன்னும் உள்ளே இறுகுகின்றன. அங்கேயே ஊறிப் புளிக்கின்றன.

பிறகு அவர்கள் சொத்தைக்கென்றே கைக்கொண்ட தீனியைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் திடுக்கென்றது. அதில் மூன்றில் இரண்டு பங்கு அரிசி. கரகரப்பாக உடைத்த அரிசி, பால் பொடி, கொஞ்சம் குதிரைமசால் இலைத் தூள், ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரை என்று தனியாக எதுவும் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் சோற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெந்து குழைந்த சோறு வேறு, பச்சைக் குறுணை வேறு. நான் சொல்ல வருவது, பல்லின் வடிவமும் தீனியின் வடிவமும் ஒன்றுக்கொன்று பொருந்திப்போவது சொத்தைக்கு ஒரு வாசல் என்பதை.

அதே கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர் எச். ஆர். ஹன்ட். 1937-ல் அவரும் ஹாப்பர்ட்டும் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். நம் கிராமத்தில் நல்ல பால் மாட்டின் கன்றைப் பார்த்து வளர்ப்பதுபோலத்தான். வெள்ளை எலிகளுக்கெல்லாம் ஒரே குறுணைத் தீனி. கீழ்க் கடைவாய்ப் பல்லில் முதல் குழி கண்ணில் படும்வரை எத்தனை நாள் என்று ஒவ்வொரு எலிக்கும் எண்ணினார்கள். சீக்கிரம் சொத்தை வந்தவற்றை அவற்றுக்குள்ளேயே இணை சேர்த்தார்கள். நெடுநாள் தாங்கியவற்றைத் தனியே இணை சேர்த்தார்கள். குட்டிகளிடமும் அப்படியே. அவற்றின் குட்டிகளிடமும் அப்படியே.

தலைமுறை ஏற ஏற இரண்டு கிளைகளும் விலகிக்கொண்டே போயின. ஒரு கிளை எலிகளுக்கு ஒரு மாத அளவிலேயே பல்லில் குழி விழுந்துவிடும். இன்னொரு கிளை அதே தீனியைத் தின்று ஒரு வருடத்துக்கும் மேல் தாங்கும். எலியின் ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான் என்பதை நினைத்தால் அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்று புரியும். 1944-ல் எர்வின் என்பவரோடு சேர்ந்து இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். சொத்தைக்கு இடம் கொடுப்பதும் கொடுக்காததும் பரம்பரையில் வருகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டால் விருதுநகர்ச் சகோதரியின் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது சரி என்று ஆகிவிடும். ஆனால் தாய் எலி தன் குட்டிக்குக் கொடுப்பது ரத்தம் மட்டும் இல்லையே. ஒரே கூண்டு, ஒரே வைக்கோல், ஒரே தண்ணீர்க் குழாய், நக்கிக் கொடுக்கும் நாக்கு. பரம்பரை என்று நாம் எண்ணுவதோடு சேர்ந்து வேறு எதுவும் கைமாறுகிறதா?

அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மூன்று இடங்களில் நடந்த மூன்று ஆய்வுகளை நான் மிகவும் மதிக்கிறேன். ஒவ்வொன்றும் ஒரே ஒரு நூலை மட்டும் பிரித்து எடுத்தது.

முதலாவது ஹார்வர்டில், 1950-ல் வெளியானது. சொத்தை வரவழைக்கும் தீனியைக் குழாய் வழியாக நேராக எலியின் இரைப்பைக்குள் விட்டார்கள். சாப்பாடு உடம்புக்குள் போகிறது, சர்க்கரை ரத்தத்தில் சேர்கிறது, பல்லில் மட்டும் படவில்லை. அந்த எலிகளுக்குச் சொத்தை வரவில்லை. அதே தீனியை வாயால் தின்ற எலிகளுக்கு வந்தது. சர்க்கரை உடம்புக்குள் போய்ப் பல்லைக் கெடுப்பதில்லை, வாயில் தங்கித்தான் கெடுக்கிறது என்பது அன்று உறுதியானது.

இரண்டாவது 1954. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் ஆர்லாண்டும், இண்டியானா மாநிலத்து நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் கிருமியற்ற விலங்குகளை வளர்த்துவந்த ஜேம்ஸ் ரேனியர்ஸின் குழுவும் கைகோத்தார்கள். குட்டிகளைத் தாயின் வயிற்றைக் கீறி எடுத்து, காற்றுகூட வடிகட்டி வரும் எஃகு அறைக்குள் வைத்து, கையால் பாலூட்டி வளர்த்து, அவற்றின் வழியே கிருமியே தொடாத எலிகளை உருவாக்கியிருந்தார்கள். ஒரு குட்டியை அப்படிப் பிழைக்க வைப்பதற்கு எத்தனை இரவு விழித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த எலிகளுக்கும் சாதாரண எலிகளுக்கும் ஒரே சொத்தைத் தீனி கொடுக்கப்பட்டது. சாதாரண எலிகள் 39-ல் 38-க்குச் சொத்தை. கிருமியில்லாத 22 எலிகளில் ஒன்றுக்குக்கூட இல்லை. மில்லர் சொன்னதற்கு அறுபது ஆண்டு கழித்து வந்த சாட்சி அது. அடுத்த ஆண்டே அந்தக் குழு, கிருமியற்ற எலிகளின் வாயில் தெரிந்தெடுத்த கிருமிகளைச் சேர்த்து, சொத்தை வருவதையும் காட்டியது.

மூன்றாவதுதான் சகோதரியின் கேள்விக்கு மிக அருகில் வருவது. இதில் வரும் பிராணி எலிக்கு உறவான ஹாம்ஸ்டர். கன்னப் பையில் தீனியை அடக்கிக்கொண்டு ஓடும் சின்னக் கொறிவிலங்கு. 1930-ல் சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே ஒரு வளையைத் தோண்டி ஒரு தாயையும் குட்டிகளையும் எடுத்தார்கள். ஜெருசலேமுக்குக் கொண்டுபோன அந்தக் குட்டிகளின் வழிவந்தவைதான் உலகத்து ஆய்வகங்களின் சிரிய ஹாம்ஸ்டர்கள். கிட்டத்தட்ட எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அமெரிக்காவில் பெதஸ்தாவிலுள்ள தேசியப் பல் ஆய்வு நிலையத்தில் பால் கீஸ் என்ற ஆய்வாளர் இந்த ஹாம்ஸ்டர்களை வளர்த்துவந்தார். சில கிளைகளுக்குச் சொத்தை சுலபமாக வந்தது. வெள்ளை ஹாம்ஸ்டர் கிளைக்கு, எவ்வளவு சர்க்கரைத் தீனி கொடுத்தாலும், வரவில்லை. பார்ப்பவர் யாரும் 'இது அந்த வம்சத்துப் பல்' என்றுதான் சொல்லியிருப்பார்கள். கீஸ் அந்த வெள்ளை ஹாம்ஸ்டர்களைச் சொத்தைக்காரக் கிளையோடு ஒரே கூண்டில் விட்டார். வெள்ளைக் கிளைக்கும் சொத்தை வந்தது. சொத்தைக்கார ஹாம்ஸ்டரின் பல்லில் படிந்ததைச் சுரண்டி எடுத்துச் சேர்த்தபோதும் வந்தது. அதன் புழுக்கையிலிருந்தும் தொற்றியது. தலைகீழாகவும் பார்த்தார். சொத்தைக்காரத் தாய்க்குக் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தால், அவளுடைய குட்டிகள் சொத்தையில்லாமல் வளர்ந்தன. அந்தக் குட்டிகளின் குட்டிகளும், வேறு கூண்டோடு கலக்காதவரை, அப்படியே.

வம்சத்துப் பல் என்று தோன்றியது தாயின் வாயிலிருந்து பிள்ளையின் வாய்க்குப் போன கிருமி. 1960-ல் இதைக் கீஸ் எழுதியபோது, பல் சொத்தை ஒரு தொற்று என்ற பேச்சே பலருக்குப் புதிதாக இருந்தது. அதே ஆண்டு அவரும் ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டும் ஒரு படி மேலே போனார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்துக்குச் சாகாத ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைத் தேர்ந்து, அந்தக் குணத்தையே அடையாளமாக வைத்து, ஹாம்ஸ்டரின் வாயில் சேர்த்தார்கள். மாட்டுக்குச் சூடு போட்டு அடையாளம் வைப்பதுபோல. சொத்தை வந்த பல்லில் அதே கிருமியை மறுபடி பிடித்தார்கள். லண்டனில் கிளார்க் என்பவர் 1924-லேயே சொத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்து, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயர் வைத்த கிருமியின் சொந்தக்காரக் கிருமி அது என்று பின்னால் தெரிந்தது. நாற்பது ஆண்டு யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்காத பெயர் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது.

இந்தக் கிருமிக்குச் சாதாரணச் சீனியின்மேல் தனிப் பிரியம். சீனியை அமிலமாக்குவதோடு நிற்காமல், அதிலிருந்து கோந்துபோல ஒரு பொருளைச் செய்து பல்லோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் எழுந்ததும் நாக்கால் தடவினால் பல்லில் வழவழவென்று தட்டுப்படுகிறதே, அந்தப் படலத்துக்குள்தான் அது குடியிருக்கிறது.

அப்படியானால் ஹன்ட்டும் ஹாப்பர்ட்டும் இத்தனை தலைமுறை பார்த்தது வெறும் கிருமிக் கதைதானா? அவர்களே அதைச் சோதித்தார்கள் என்பது எனக்குப் பிடித்த இடம். சாமுவேல் ரோசன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, தங்கள் எலிகளிடம் தொற்று எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்று பார்த்து 1961-ல் எழுதினார்கள். தொற்றுக்கும் பரம்பரை ஒரு எல்லை கட்டுகிறது என்பது அவர்கள் முடிவு. தாங்கும் கிளை எலி, கிருமி வந்து சேர்ந்த பிறகும், மற்றதைப்போலச் சட்டென்று விழுந்துவிடவில்லை. பின்னாளில் ஜப்பானிய ஆய்வாளர்கள் சுண்டெலிகளிலும் இதைக் கண்டார்கள்: ஒரே கிருமி, ஒரே தீனி, ஆனால் ஒரு வகைச் சுண்டெலிக்குச் சொத்தை அதிகம், இன்னொரு வகைக்குக் குறைவு.

ஆக ரத்தமும் உண்டு, கிருமியும் உண்டு. 'தாங்கும் பல்' என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றுவது என்று எனக்குப் படுகிறது. தாங்கும் சக்தி பல்லுக்குள் மட்டும் இருப்பது போல அது பேசுகிறது. பள்ளம் எவ்வளவு ஆழம், எனாமல் எவ்வளவு முற்றியது என்பதெல்லாம் பல்லின் கணக்கு. ஆனால் அதே பல்லைச் சுற்றி எச்சில் எவ்வளவு ஓடுகிறது என்பதும் அந்தச் சக்தியில் சேர்ந்ததுதான்.

எச்சிலை நாம் மதிப்பதே இல்லை. 1930-களின் கடைசியில் எலிகளிடமும், 1947-ல் ஹாம்ஸ்டர்களிடமும் உமிழ்நீர்ச் சுரப்பிகளை அறுவை செய்து எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். அதே பல், அதே தீனிதான். சொத்தை பெருகிப் பல் நொறுங்கியது. எச்சில் அமிலத்தைத் தணிக்கிறது, துணுக்கைக் கழுவுகிறது, கரைந்துபோன சுண்ணாம்புச் சத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பக் கொண்டுவந்து எனாமலில் சேர்க்கிறது. நாள் முழுக்க நம் வாயில் ஓடும் பழுதுபார்ப்பு வேலை அது. கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்களுக்கும், வாயை உலர்த்தும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிடும் முதியவர்களுக்கும் திடீரென்று பல பற்கள் ஒன்றாகச் சொத்தையாவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். "வயசாயிடுச்சு, பல் போகுது" என்று விட்டுவிடாமல், வாய் உலர்வதை மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

எச்சில் தன் வேலையைச் செய்ய அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். ஜூரிக் நகரத்தில் கோனிக் என்பவரும் அவருடைய தோழர்களும் 1968-ல் எலிகளுக்கென்று ஒரு கருவி செய்தார்கள். எத்தனை முறை தீனி கிடைக்க வேண்டும் என்பதை அது கட்டுப்படுத்தும். ஒரு நாளைக்குத் தின்னும் வேளைகள் கூடக்கூடச் சொத்தையும் கூடியது. எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை என்பது பெரிதாக இருந்தது. ஒவ்வொரு முறை தின்னும்போதும் அமிலம் ஊறும்; எச்சில் அதைத் தணித்து முடிப்பதற்குள் அடுத்த வாய் வந்துவிட்டால் பல்லுக்கு மூச்சு விட இடமில்லை.

ஃபுளோரைடைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபுளோரைடு சேர்த்தால் எலிகளுக்குச் சொத்தை குறைவதை 1930-களின் பிற்பகுதியிலேயே கண்டிருந்தார்கள். ஹன்ட் எலி வளர்த்த அதே மிச்சிகன் மாநிலத்தில், கிராண்ட் ராபிட்ஸ் நகரம் 1945 ஜனவரியில் உலகிலேயே முதல் ஊராகத் தன் குடிநீரில் அளந்து ஃபுளோரைடைச் சேர்த்தது. அங்கே குறைவாக இருந்ததால் சேர்த்தார்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே அது மிகுந்து, பல்லில் பழுப்புக் கறையும் எலும்பில் முடக்கமும் தந்தது. அதற்காகவே ஒகேனக்கல் தண்ணீரை அந்த ஊர்களுக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. ஆகவே 'ஃபுளோரைடு நல்லதா, கெட்டதா?' என்று எழுதிக் கேட்கும் வாசகர்களுக்கு என் பதில், உங்கள் ஊர்த் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் கேளுங்கள் என்பதுதான். அப்படிப்பட்ட ஊராக இல்லாவிட்டால், மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்குமேல் ஆறு வயதுவரை பட்டாணி அளவு பற்பசை போதும். விளம்பரத்தில் பிரஷ் முழுக்க வளைத்து வைக்கிறார்களே, அவ்வளவு வேண்டாம்.

இனி, என் மேசையிலிருக்கும் கடிதத்துக்கு வருகிறேன்.

சகோதரி, உங்கள் கடிதத்தின் நடுவில், போகிற போக்கில், நீங்கள் எழுதியிருந்த ஒரு விஷயத்தை நான் மூன்று முறை படித்தேன். மூத்தவள் பிறந்தபோது நீங்கள் தீப்பெட்டி ஆலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். மூன்று வயதுவரை தாத்தா பாட்டி வீட்டில், அவர்கள் பெட்டிக்கடையிலேயே வளர்ந்தாள். அழுதால் கையில் ஒரு மிட்டாய், தூங்கப் போகும்போது சர்க்கரை போட்ட பால் பாட்டில். இளையவள் பிறந்த பிறகு நீங்கள் வீட்டிலேயே இருந்தீர்கள். ஒரே தாய், ஒரே தகப்பன். இரண்டு வேறு கூண்டுகள் என்று சொல்வது சரியாக இராது, இரண்டு வேறு குழந்தைப் பருவங்கள். வாயில் முதல் பற்கள் முளைத்து நிற்கும்போது எந்தக் கிருமி முந்திக்கொண்டு இடம் பிடிக்கிறது, அதற்குத் தீனி எத்தனை முறை கிடைக்கிறது என்பதில் அந்த மூன்று ஆண்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. மனிதக் குழந்தைகளுக்கு இந்தக் கிருமி பெரும்பாலும் ஒன்றரை வயதுக்கும் இரண்டரை வயதுக்கும் நடுவில் வந்து சேர்கிறது என்று அமெரிக்காவில் கண்டிருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு அந்தத் தாத்தா பாட்டியைக் குற்றம் சொல்ல யாரும் கிளம்பிவிட வேண்டாம். தன் பேத்தி அழக்கூடாது என்று மிட்டாயை எடுத்துக் கொடுத்த கை அது. கிருமி அம்மாவிடமிருந்து மட்டும் வருவதும் இல்லை. ஊதிக் கொடுத்து, ருசி பார்த்து, ஒரே கரண்டியில் ஊட்டும் வீட்டில் எல்லோருடைய வாயும் குழந்தையின் வாயோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறது. குழந்தைக்குப் பல் முளைக்கும் முன்பே வீட்டிலுள்ள பெரியவர்கள் தங்கள் சொத்தைப் பல்லை அடைத்துக்கொள்வதும், குழந்தைக்குத் தனிக் கரண்டி வைப்பதும் ஆகக்கூடிய காரியங்கள். பள்ளத்தில் குறுணை அடைத்துக்கொண்ட எலிப் பல்லை நினைத்துக்கொள்ளுங்கள்; கடைவாய்ப் பல்லின் பள்ளங்களை மூடி ஒரு பூச்சுப் பூசிவிடும் சிகிச்சை இப்போது இருக்கிறது, வலியும் கிடையாது. மூத்தவளுக்கு மீதமிருக்கும் நல்ல பற்களுக்கு அதைச் செய்யலாமா என்று பல் மருத்துவரைக் கேளுங்கள். மிட்டாயே கூடாது என்று அவளைக் கட்டிப்போடாதீர்கள். சாப்பாட்டோடு சேர்த்து ஒருமுறை கொடுங்கள்; நடுநடுவே வேண்டாம்.

உங்கள் ரத்தத்தில் எதுவுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஹன்ட்டின் எலிகள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் தாங்கும் கிளையில் பிறந்த எலிக்குக்கூட என்றாவது ஒரு நாள் குழி விழுந்தது. சொத்தைக் கிளையில் பிறந்த எலியும் நன்றாக அரைத்த தீனியில் அதிக நாள் தாங்கியிருக்கும். எந்த வீட்டுப் பல் என்று கேட்பவர்களிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.

இன்னொன்று. ஆய்வகத்தில் சொத்தையைச் சோதிப்பவர்கள் பல் முளைத்தவுடன், பால்குடி மறந்தவுடன், குட்டிகளைச் சொத்தைத் தீனியில் போடுவார்கள். புதிதாக முளைத்த பல் இன்னும் முற்றாதது. அப்போதுதான் அது எளிதாகக் கரையும். முற்றிய பல்லுக்குத் தாங்கும் சக்தி கூடுதல். உங்கள் இளையவளுக்கு ஐந்தரை வயது. இன்னும் சில மாதங்களில் அவளுடைய கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமல், சத்தமில்லாமல் ஒரு புதுக் கடைவாய்ப் பல் மேலேயும் கீழேயும் இரண்டு பக்கமும் முளைக்கும். பல் எதுவும் ஆடவில்லையே என்று பல வீடுகளில் அதைக் கவனிப்பதே இல்லை. பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல். மூத்தவளின் வாயில் பிடுங்கிய இரண்டில் ஒன்று அந்தப் பல்லாக இருக்குமோ என்று எனக்கு ஒரு கவலை.

தினமும் இரவில் படுக்கும் முன் கைபேசி விளக்கை அடித்து இளையவளின் வாயைத் திறந்து பாருங்கள். ஈறு வெளுத்து, அதன் நடுவே ஒரு வெள்ளை முனை தெரியும். அன்றைக்கு எனக்கு ஒரு இன்லண்டு போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்